பேய்க்கதை வேண்டும், ஆனால் கருப்பாக இருக்கும் பெண் கடைசிவரை உயிரோடு இருக்க வேண்டும்

திருப்பூர் டீச்சர்:

திருப்பூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்துகிறேன். நூலகத்துக்கென்று தனி ஆள் போடவில்லை. அதனால் அந்தச் சாவியும் என் கொத்தில்தான் தொங்குகிறது. மதிய இடைவேளையில் திறந்தால் ஒன்பதாவது, பத்தாவது பெண்கள் கூட்டமாக வருவார்கள். வந்ததும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பேய்க்கதை இருக்கா மிஸ்?"

பழைய மாணவி ஒருத்தி கொடுத்துவிட்டுப் போன 'ட்வைலைட்' என்ற ரத்தக்காட்டேரிக் காதல் நாவலின் முதல் பாகம் அட்டை போய், முதுகில் பிரவுன் டேப் ஒட்டி, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள்கூட அதை விடுவதில்லை. ஒருத்தி படித்து மற்றவளுக்குக் கதை சொல்கிறாள். அப்புறம் இருக்கவே இருக்கிறது போன், அதில் 'தி வாம்பயர் டயரீஸ்' என்ற ரத்தக்காட்டேரித் தொடர்.

போன வாரம் பத்தாவது படிக்கிற ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், அந்த பானிக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே நல்லது நடக்க மாட்டேங்குது?"

தொடர் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பானி பென்னட் மந்திரம் தெரிந்த கருப்பினப் பெண், கதாநாயகி எலெனாவின் உயிர்த்தோழி. யாருக்கு ஆபத்து என்றாலும் இவளைத்தான் கூப்பிடுவார்கள். மூக்கில் ரத்தம் ஒழுக ஒழுக மந்திரம் போடுவாள். முதல் சீசனிலேயே ஒரு மந்திரம் போட்ட களைப்பில் பாட்டி செத்துப்போகிறாள். நான்காவது சீசன் முடிவில் எலெனாவின் தம்பியை உயிரோடு மீட்கப்போய் இவளே செத்துப்போகிறாள். அந்தக் கோடை முழுக்கத் தோழிகளுக்கு அது தெரியாது. கல்லூரியில் சேர்ந்து, விடுதி அறையில் சாமான் அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். "யாருமே தேடல மிஸ்" என்றாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கேட்டவளும் நல்ல கருப்பு. அதைச் சொல்லிக் கேட்கவில்லை, ஆனால் எங்கிருந்து கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

பெற்றோர் ஆசிரியர் கழகம் புத்தகம் வாங்க 6,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. பதின்வயதுப் பெண்கள் படிக்கிற பேய், மந்திரம், ரத்தக்காட்டேரி வகைக் கதைதான் வேண்டும். நாயகி வெள்ளைத்தோலும் மெல்லிய இடையுமாக இல்லாமல் வேறு மாதிரிப் பெண்ணாக இருக்க வேண்டும். ஆனால் பயமுறுத்த வேண்டிய இடத்தில் பயமுறுத்த வேண்டும். "நல்ல முன்மாதிரி" புத்தகங்கள் என்னிடம் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன, கரப்பான்கள் மட்டும்தான் அவற்றைத் திறந்து பார்க்கின்றன. இணையத்தில் கிடைக்கும் பரிசுப் பட்டியலை ஒட்டிவிட்டுப் போகாதீர்கள். படித்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஸ்கார்பரோ வாசகி:

டீச்சர், நான் டொரோண்டோவில் ஒரு பொது நூலகத்தில் இளையோர் பகுதியில் பகுதிநேரமாக வேலை செய்கிறேன். உங்கள் மாணவி கேட்ட கேள்வியையே ஒரு பேராசிரியர் புத்தகமாக எழுதியிருக்கிறார் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். எபனி எலிசபெத் தாமஸ், 'தி டார்க் ஃபென்டாஸ்டிக்', 2019. மாயக்கதைகளில் வரும் கருப்பினப் பெண் பாத்திரங்களுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். அதில் ஓர் அத்தியாயமே பானி பென்னட்டைப் பற்றியது.

இன்னொரு சங்கதி. 1991இல் வந்த மூல நாவல்களில் பானி கருப்பினப் பெண்ணே இல்லை. சிவப்பு முடி வெள்ளைக்காரப் பிள்ளை. 2009இல் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தபோது மாற்றினார்கள். நல்ல மாற்றம்தானே என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் அவளுக்கு ஒரு முன்னோர் கதை வைத்தார்களே, அதைப் பாருங்கள். 1864இல் எமிலி பென்னட் என்ற மந்திரக்காரி, கேத்ரின் என்ற ரத்தக்காட்டேரிக்குப் பணிப்பெண். அவள் வம்சத்தில் வந்த பானி வரைக்கும் அதே வேலை தொடர்கிறது, சம்பளம்தான் இல்லை. எமிலியாக நடித்த பியங்கா லாசன் அதற்கு முன் 'பஃபி' என்ற ரத்தக்காட்டேரி வேட்டைத் தொடரில் கெண்ட்ரா என்ற கருப்பின வேட்டைக்காரியாக வந்தவர். மூன்றே அத்தியாயம் வந்து கழுத்து அறுபட்டுச் செத்துப்போவார். ஒரே நடிகை, பத்துப் பன்னிரண்டு வருட இடைவெளி, தலைவிதி மட்டும் அப்படியே.

இதனால் நான் ஒரு புத்தகத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்கும் முன் பார்ப்பது நிறத்தை மட்டும் இல்லை. யாருக்கும் ஆபத்து இல்லாத ஒரு சாதாரண மத்தியானத்தில் அவளுக்கு என்ன ஆசை என்று கதையில் இருக்கிறதா? அவளுடைய சக்தி யாருக்காகச் செலவாகிறது? பானிக்கு முதல் கேள்விக்கே பதில் கிடைக்காது.

இனிப் புத்தகங்களுக்கு வருகிறேன். முதலில் நெடி ஒகோராஃபரின் 'அகாட்டா விட்ச்' (2011). சன்னி என்ற 12 வயதுப் பெண். நியூயார்க்கில் பிறந்து இப்போது நைஜீரியாவின் அபா நகரத்தில் இருக்கிறாள். தோலிலும் முடியிலும் நிறமி இல்லாமல் பிறந்தவள், கருப்புக் குடை இல்லாமல் வெயிலில் போக முடியாது. அவளுக்கு உயிர் கால்பந்தாட்டம். ஆபத்து இல்லாத மத்தியானத்தில் என்ன ஆசை என்று கேட்டேனே, அது இதுதான். ஆரம்பத்திலேயே ஒரு வகுப்பறைக் காட்சி வரும். நல்ல மதிப்பெண் எடுத்த சன்னி கையில் ஆசிரியை பிரம்பைக் கொடுத்து மற்றப் பிள்ளைகளை அடிக்கச் சொல்வார். உங்கள் பிள்ளைகளுக்கு அதை விளங்கப்படுத்த வேண்டிய தேவையே வராது.

அந்த மந்திர உலகத்தில் காசு எப்படிக் கிடைக்கும் தெரியுமா? புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டால் வானத்திலிருந்து சிட்டிம் என்ற உலோகத் துண்டுகள் விழும். செம்புதான் பெறுமதி கூடியது, தங்கம் மலிவு. உடம்பிலோ மனதிலோ மற்றவர்கள் குறை என்று சொல்வதே அங்கே ஒருவரின் திறமைக்கு வேர். எழுத்துகள் குழம்பிப்போகும் ஓர்லு என்ற பையன், போட்ட மந்திரத்தை அவிழ்ப்பதில் கெட்டிக்காரன். பயமும் உண்டு. பிள்ளைகளைக் கடத்திக் கொல்லும் ஒருவனைப் பிடிக்க இந்த நாலு பிள்ளைகளைத்தான் அனுப்புகிறார்கள். இங்கிலாந்துப் பதிப்புக்கு 'வாட் சன்னி சா இன் த ஃப்ளேம்ஸ்' என்று பெயர், அதனால் கடையில் இரண்டையும் வேறு வேறு புத்தகம் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

அடுத்தது ட்ரேசி டியோனின் 'லெஜெண்ட்பார்ன்' (2020). என் மனதுக்கு மிகவும் நெருங்கியது, கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். ப்ரீ மேத்யூஸுக்கு 16 வயது. அம்மா விபத்தில் இறந்து சில மாதம்தான் ஆகிறது. பள்ளி முடிக்கும் முன்பே கல்லூரி வகுப்புகளில் சேரும் திட்டத்தில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்துக்கு வருகிறாள். அங்கே ஆர்தர் அரசனின் வட்டமேசை வீரர்களுடைய வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு ரகசியச் சங்கம் இருக்கிறது, பெரும்பாலும் பழைய பணக்கார வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் பேயோடு சண்டை போடுவதை ப்ரீ பார்த்துவிடுகிறாள். பார்த்ததை மறக்கடிக்க ஒருவன் மந்திரம் போடுகிறான், பலிக்கவில்லை. அம்மா இறந்த இரவில் ஆஸ்பத்திரியிலும் இதே மாதிரி ஒருவர் தன்னிடம் பேசியது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வருகிறது. அங்கே பிடிக்கிற வேகம் கடைசிவரை குறையாது.

அம்மா இருந்தபோது இருந்த ப்ரீ ஒருத்தி, அதற்குப் பின் இருக்கிற ப்ரீ வேறொருத்தி என்று அவளே தன்னைப் பிரித்து வைத்திருக்கிறாள். அழமாட்டாள், கோபம்தான் வரும். கெட்டிக்காரி, துணிச்சல்காரி என்று அட்டையில் போட்டு விற்கும் பெண் இல்லை. இந்தக் கதையில் மந்திரம் இரண்டு வகை. வீரர்களுக்கு அது வம்சச் சொத்து, ரத்தத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். கருப்பினப் பெண்களிடம் இருப்பது வேறு. முன்னோரிடம் கேட்டு, தேவைக்கு வாங்கி, திருப்பிக் கொடுப்பது. ப்ரீ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள், ஏன் என்பதில்தான் புத்தகத்தின் உயிரே இருக்கிறது. அடிமை முறை காலத்தில் முதலாளி வீட்டில் பெண்களுக்கு என்ன நடந்தது என்பதோடு அதற்குத் தொடர்பு உண்டு. இதற்கு மேல் சொன்னால் பிள்ளைகள் என்னைத் திட்டுவார்கள்.

அந்த வளாகம் கற்பனை இல்லை. டியோன் படித்த இடம். அங்கே 2005இல் வைத்த ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது: வட்டமான கல்மேசை, அதைக் கீழிருந்து தூக்கிப் பிடிக்கும் 300 சின்ன வெண்கல மனிதர்கள். பல்கலைக்கழகத்தைக் கட்ட உழைத்த கருப்பின அடிமைகளுக்கும் மற்றக் கருப்பினத் தொழிலாளர்களுக்குமான சின்னம் அது. அதே வளாகத்தில் அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலப் படையின் சிப்பாய் சிலையொன்று நூறு வருடத்துக்கு மேல் நின்று, 2018 ஆகஸ்டில் போராட்டக்காரர்கள் இழுத்து விழுத்தினார்கள். வட்டமேசைக் கதை எழுத அந்த மண்ணை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது.

மூன்றாவது, டார்சி லிட்டில் பேட்ஜரின் 'எலாட்சோ' (2020). டெக்சாஸ், லிப்பான் அபாச்சி இனப் பெண் எல்லி, 17 வயது. செத்துப்போன விலங்குகளின் ஆவியை எழுப்பும் வித்தை பாட்டி வழியில் வருகிறது. செத்த நாய் கிர்பி ஆவியாகக் கூடவே வாலாட்டிக்கொண்டு திரியும். மனித ஆவியை மட்டும் எழுப்பக் கூடாது, அது திரும்பி வரும்போது நல்லதாக வராது. கொலை செய்யப்பட்ட மாமா மகன் கனவில் வந்து கொலையாளி பெயரைச் சொல்கிறான். எல்லிக்குக் காதலில் நாட்டமே இல்லை. கதை அதைப் பெரிதுபடுத்தாமல், அவளை ஒருவனோடு சேர்த்தும் வைக்காமல் விட்டுவிடுகிறது. வீட்டுக்காரர் அழைக்காமல் ரத்தக்காட்டேரி உள்ளே வர முடியாது என்று ஒரு பழைய விதி இருக்கிறதே, அதை எழுத்தாளர் பிடித்த விதம் அபாரம். அந்த மண்ணே பூர்வகுடிகளின் வீடு என்றால், அழைக்கவும் வெளியே போ என்று சொல்லவும் உரிமை யாருக்கு?

'ட்வைலைட்' கதையை இதோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஓநாயாக மாறும் குவில்யூட் மக்கள் நிஜமான மக்கள், வாஷிங்டன் மாநிலத்தில் லா புஷ் என்ற கடற்கரையில் இருக்கிறார்கள். ஓநாயிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய உண்மையான பழங்கதை, மற்றதெல்லாம் எழுத்தாளர் கற்பனை. அந்த ஓநாய்க் கூட்டத்தில் ஒரே பெண் லியா. அவளுக்குக் கிடைப்பது காதலனை உறவுக்காரியிடம் இழந்த கசப்பு மட்டும்தான்.

எங்கள் ஊர்க் கதையும் ஒன்று: லிசெல் சாம்பரியின் 'பிளட் லைக் மேஜிக்' (2021), 2049ஆம் வருடத்து டொரோண்டோவில் ட்ரினிடாட் வழிவந்த மந்திரக் குடும்பம். நாயகி வோயாவுக்கு முன்னோர் கொடுக்கும் சோதனை, தன் முதல் காதலை அழிக்க வேண்டும் என்பது. நல்ல கதை, ஆனால் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு.

---

கடைசி பெஞ்ச்:

டீச்சர், கோபப்படாமல் கேளுங்கள். நைஜீரியா, வட கரோலினா, டெக்சாஸ்... நம்ம பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கள் வாயில் நுழையுமா? கதை நல்லா இருந்தா நாயகி எந்த நிறமா இருந்தா என்ன? நான் இரும்புக்கை மாயாவி காமிக்ஸ் படித்து வளர்ந்தவன். அவன் வெள்ளைக்காரன் என்பதே எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை. கரண்டு பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான், கை மட்டும் தெரியும், அது போதும் எனக்கு.

இன்னொன்று. இப்படிப் பார்த்துப் பார்த்து எழுதுகிற புத்தகங்களில் அந்தப் பெண் தப்பே செய்ய மாட்டாள். எல்லாம் தெரியும், எல்லோரையும் மன்னிப்பாள். படிக்கிறவனுக்குக் கொட்டாவிதான் வரும்.

---

திருப்பூர் டீச்சர்:

கடைசி பெஞ்ச் தம்பி, கோபம் இல்லை. என் பிள்ளைகள் யாரும் வாஷிங்டன் மாநிலம் போனதில்லை. ஆனால் 'ட்வைலைட்' நடக்கிற ஃபோர்க்ஸ் என்ற ஊரில் எப்படி மழை பெய்யும், பள்ளி கேன்டீனில் யார் எந்த மேசையில் உட்காருவார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஃபோர்க்ஸ் நுழைந்த வாயில் அபா நுழையாதா?

மாயாவி நானும் படித்தவள்தான், அண்ணன் புத்தகத்தைத் திருடி. அதில் வந்த பெண்கள் எத்தனை பேர் பெயர் ஞாபகம் இருக்கிறது உங்களுக்கு? யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை.

கொட்டாவி விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். பீரோவில் இருக்கிற கரப்பான்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஸ்கார்பரோ அக்கா, மிகவும் நன்றி. ஒரு சந்தேகம். ஆங்கிலம் சுமாராகப் படிக்கிறவர்களுக்கு 'லெஜெண்ட்பார்ன்' தடிமன் மிரட்டுமே?

---

ஸ்கார்பரோ வாசகி:

மிரட்டும், 500 பக்கம். 'அகாட்டா விட்ச்' எளிது, சின்ன வசனங்கள். அதைவிடத் தட்டுத்தடுமாறும் பிள்ளைகளுக்கு 'மிஸ் மார்வெல்' காமிக்ஸ் தொகுதி ஒன்று வாங்குங்கள், 2014இல் தொடங்கியது. ஜெர்சி நகரத்துப் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண் கமலா கான். பேய் இல்லை, சூப்பர் ஹீரோ வகை, இருந்தாலும் இந்தப் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. உருவம் மாற்றும் சக்தி வந்ததும் அவள் முதலில் என்னவாக மாறுகிறாள் தெரியுமா? பொன்முடி வெள்ளைக்காரியாக. அந்த உடுப்பு கூச்சமாக இருக்கிறது, கால்சட்டை இடுப்பில் ஏறுகிறது என்று அவஸ்தைப்படுவாள். எந்தப் பிள்ளைக்கும் சிரிப்பு வரும், பிறகு யோசனையும் வரும்.

கடைசி பெஞ்ச் அவர்களே, நிறம் ஒரு விஷயமே இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். விற்கிறவர்கள் அப்படி நினைக்கவில்லை. 2009இல் ஜஸ்டின் லார்பலெஸ்டியரின் 'லயர்' என்ற நாவலுக்கு ப்ளூம்ஸ்பரி அமெரிக்காவில் தயாரித்த அட்டையில் நீள முடி வெள்ளைக்காரப் பெண். உள்ளே நாயகி மைக்கா, கட்டையாக வெட்டிய சுருள்முடியுள்ள கருப்பினப் பெண். எழுத்தாளரே தனக்கு இதில் விருப்பமில்லை என்று பகிரங்கமாக எழுதினார். சத்தம் எழும்பியதும் அட்டையை மாற்றினார்கள். அடுத்த வருடமே அதே பதிப்பகத்தில் இன்னொரு மாயக்கதை, 'மேஜிக் அண்டர் க்ளாஸ்'. கருத்த நாயகி, அட்டையில் வெள்ளைப் பெண், மறுபடி சத்தம், மறுபடி மாற்றம். அமெரிக்காவில் 1985இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் எண்ணிப் பார்த்தபோது, அந்த வருடம் வந்த ஏறத்தாழ 2,500 சிறுவர் புத்தகங்களில் கருப்பினத்தவர் எழுதியோ வரைந்தோ வந்தவை 18. இதெல்லாம் தற்செயலா?

'லயர்' உங்கள் கொட்டாவிக்கும் மருந்து. மைக்கா பொய் சொல்கிறவள். முதல் பக்கத்தில் இனிமேல் உண்மைதான் என்பாள், கொஞ்ச நேரத்தில் அதுவும் பொய் என்பாள். காதலன் செத்துக் கிடக்கிறான், கொன்றது யார் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் தான் ஒரு ஓநாய்ப் பெண் என்கிறாள். அதை நம்புவதா வேண்டாமா என்று முடிந்த பிறகும் சண்டை போடலாம். இவள் நல்ல பிள்ளை இல்லை, ஆனால் முழுப் பிள்ளை. வெள்ளைக்கார நாயகிகள் எத்தனையோ பேர் பொய் சொல்லி, பொறாமைப்பட்டு, அப்படியும் வாசகரின் செல்லமாக இருந்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு மட்டும் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பது என்ன நியாயம்?

ஆனால் டீச்சர், 'லயர்' பத்தாவதுக்கு வேண்டாம். பதினொன்று, பன்னிரண்டு வரட்டும்.

---

பெரிய எழுத்து:

'அகாட்டா விட்ச்' பற்றி ஒரு மாற்றுக் கருத்து. என் தங்கைக்கு சன்னி மாதிரிதான், பிறவியிலேயே நிறமி கிடையாது. மதுரை பஸ்ஸில் கண்டக்டர் அவளிடம் ஆங்கிலத்தில் பேசுவார். வெள்ளைக்காரப் பிள்ளை என்று நினைத்துக் கோயிலில் போட்டோ எடுத்துக்கொள்ள வருவார்கள். வெயிலை விட அவளுக்குப் பெரிய தொல்லை பார்வை. முதல் பெஞ்சில் உட்கார்ந்தாலும் கரும்பலகை தெரியாது. பாடப்புத்தகத்தைப் பெரிய எழுத்தில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

இந்த நாவலை நானேதான் வாங்கிக் கொடுத்தேன். பாதிவரை விழுங்கி விழுங்கிப் படித்தாள். குடை, வெயில் தாழ்ந்த பிறகு அண்ணன்களோடு விளையாடுவது, பார்க்கிறவர்கள் பார்வை எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள். அப்புறம் சன்னிக்கு மந்திர சக்தி வந்ததும் வெயில் ஒத்துக்கொள்ள ஆரம்பித்துவிடுகிறது. பட்டப்பகலில் பந்தாட்டப் போட்டியில் ஆடுகிறாள். அங்கே புத்தகத்தை மூடி வைத்தாள். "இவளுக்கும் சரியாயிடுச்சா" என்று மட்டும் கேட்டாள்.

நான் ஒகோராஃபரைக் குறை சொல்ல வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து மீதியையும் படித்தாள், இரண்டாம் பாகமும் கேட்டாள். ஆவி உலகத்துக்குள் போய்வரும் சன்னியின் சக்தி அந்தப் பிறவியோடு சேர்ந்து வந்தது என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் மாற்றுத்திறன் உள்ள நாயகி என்றாலே மந்திரம் போட்டு அதைக் கழற்றிவிடும் பழக்கம் இந்த வகைக் கதைகளில் நிறைய இருக்கிறது. குடை பிடித்துக்கொண்டே பேயை விரட்டினால் கதை கெட்டுவிடுமா?

---

ஸ்கார்பரோ வாசகி:

நீங்கள் சொன்னது சரிதான். என் வாதம் ஒன்றே ஒன்று: அந்த நாவலில் குறை என்று எண்ணப்பட்டது போய்விட்டதால் சக்தி வரவில்லை, அதிலிருந்தேதான் வருகிறது. ஆனால் பந்தாட்டக் காட்சியைப் பற்றி உங்கள் தங்கை கேட்டதற்கு இது பதில் ஆகாது. இங்கே எங்கள் வாசிப்புக் குழுவில் அந்தக் காட்சிக்குக் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

---

முப்பந்தல் காத்து:

எல்லோரும் வெளிநாட்டுப் பேயையே பேசுகிறீர்கள். நான் நாகர்கோவில்காரன். எங்கள் பக்கம் புளியமரத்துக்கு ஓர் இசக்கி. கணவனோ காதலனோ ஏமாற்றிக் கொன்ற பெண், பழிவாங்கி, அப்புறம் தெய்வமாகி உட்காருவாள். கையில் பிள்ளை வைத்திருப்பாள், பக்கத்தில் போகப் பயமாகவும் இருக்கும், வேண்டிக்கொண்டால் தொட்டில் கட்டவும் சொல்லும். பதின்வயதுப் பெண்களுக்கு இந்தக் கதையைக் கொடுத்தால் முதலில் சாக வேண்டும், அப்புறம்தான் மரியாதை என்று ஆகிவிடுமோ என்று எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. பானி கதையும் அதுதானே.

அதனால் டீச்சருக்கு நீலகேசியை ஞாபகப்படுத்துகிறேன். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்று, சமண நூல். பழையனூர் நீலி என்ற பேய்தான் நாயகி. காளி கோயிலில் உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்ற துறவியை மிரட்டி விரட்ட வருகிறாள். மிரட்டிப் பார்க்கிறாள், அழகி வேடத்தில் மயக்கிப் பார்க்கிறாள், ஒன்றும் நடக்கவில்லை. சரி, நீ சொல்வதைத்தான் கேட்போமே என்று உட்கார்ந்து கேட்கிறாள். அதற்குப் பிறகு வருவதுதான் விசேஷம். பேயாக இருந்தவள் ஊர் ஊராகப் போய் வாதம் செய்கிறாள். முதலில் பௌத்தத் துறவி குண்டலகேசியோடு, அப்புறம் பௌத்த ஆசிரியர்கள், பிறகு அந்தக் காலத்து மற்றத் தத்துவக்காரர்களான ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, கடைசியில் நிலம், நீர் போன்ற பூதங்களைத் தவிர உயிர் என்று தனியாக ஒன்று இல்லை என்கிற பூதவாதி. ஒருவரையும் விடவில்லை. யாரையும் கடிக்காமல், கொல்லாமல், வாயாலேயே ஜெயிக்கிற பேய்ப் பெண் வேறு எந்த மொழியில் அவ்வளவு பழசாக இருக்கிறாள்?

மூலம் பிள்ளைகளுக்குக் கடினம், உரை இல்லாமல் நமக்கே கடினம். பெரும்பகுதி தத்துவச் சண்டை. ஆனால் கதைப் பகுதியை ஒரு மதிய இடைவேளையில் வாயால் சொல்லிவிடலாம்.

---

கடைசி பெஞ்ச்:

மாயாவி கேள்விக்கு யோசித்துப் பார்த்தேன். ஒரு பெண் பெயரும் வரவில்லை. வில்லன்கள் பெயர் வரிசையாக வருகிறது. இருந்தாலும் கதை நல்லா இருக்கணும் என்பதில் நான் மாறவில்லை.

---

திருப்பூர் டீச்சர்:

அதில் யாரும் மாற வேண்டாம்.

இப்போதைக்கு முடிவு செய்தது இது. 'அகாட்டா விட்ச்' மூன்று பிரதி, ஏனென்றால் ஒருத்தி படித்து மற்றவளுக்குச் சொல்வதற்கு அதுதான் தோது. 'எலாட்சோ' ஒன்று, 'லெஜெண்ட்பார்ன்' ஒன்று, 'மிஸ் மார்வெல்' முதல் தொகுதி ஒன்று. பெரிய பிள்ளைகளுக்கு 'லயர்' வாங்குவதாக இருந்தால் எந்த அட்டை வருகிறது என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன். மிச்சம் இருக்கிற காசை வைத்துக்கொண்டு பிள்ளைகள் எந்தத் தொடரின் அடுத்த பாகம் கேட்கிறார்களோ அதை வாங்கலாம் என்றிருக்கிறேன். நாமே எல்லாவற்றையும் தீர்மானிப்பானேன்.

பெரிய எழுத்து தம்பி, ஒரு உதவி. உங்கள் தங்கைக்குச் சம்மதம் என்றால் அந்தப் பந்தாட்டக் காட்சி பற்றி அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள், பெயர் போட வேண்டாம். புத்தகத்தின் பின்னட்டைக்கு உள்ளே ஒட்டி வைக்கிறேன். எங்கள் பள்ளியில் அப்படிப் பிறந்த பிள்ளை இப்போது இல்லை. ஆனால் தடித்த கண்ணாடி போட்டவர்களும் காது மெஷின் வைத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் அந்தப் பக்கத்துக்கு வந்ததும் இதையேதான் கேட்பார்கள்.

நீலகேசியை நாளைக்கே சொல்லிப் பார்க்கிறேன். வாதம் செய்து ஜெயிக்கிற பேய் என்றால் எட்டாவது பெண்கள்கூட வருவார்கள், அவர்கள் வாய் அப்படி.

---

பெரிய எழுத்து:

கேட்டேன். அரைப் பக்கம் போதாது, ஒரு பக்கம் வேண்டும் என்கிறாள். எழுத்தும் பெரிதாகத்தான் இருக்கும், பரவாயில்லையா?

---

கடைசி பெஞ்ச்:

டீச்சர், பள்ளி முகவரியைப் பொதுவில் போடாதீர்கள், தனிச்செய்தியில் அனுப்புங்கள். 'லெஜெண்ட்பார்ன்' ஒரு பிரதி என் கணக்கில் வரும், அந்தக் காசுக்கு வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு மாதம் ஆகும். முதலில் நான் படித்துவிட்டுத்தான் அனுப்புவேன்.